அப்பாவைப் பற்றிய இங்கிலிஷ் வசனம்

நெடுந்தீவில் என்னோடு படித்த பலருக்கு என் குரல் ஞாபகம் இருக்காது. ரீச்சர் கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். ஆனால் ஒரு வருசம், இறங்குதுறைக்கும் வீட்டுக்கும் இடையில் இங்கிலிஷில் ஒரே வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "உவளுக்கு விசர்" என்று உங்களில் சிலர் சொன்னது எனக்கும் கேட்டது. கோபமில்லை. அது என்ன வசனம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அந்த இங்கிலிஷ் இலக்கணப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இங்கிலிஷ் ரீச்சர் தெற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுத் தொடங்கியதும் கடலுக்குப் பயந்து லீவில் போனவர், திரும்பி வரவேயில்லை. மேசை லாச்சியில் அவர் விட்டுப்போன புத்தகம் அது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் மாற்றிப் படித்து, கடைசியாக என் அக்காவின் கைக்கு வந்தபோது நடுப்பகுதிதான் மிஞ்சியிருந்தது. அதிலும் ஒரு அத்தியாயம்தான் முழுதாக இருந்தது. ஒரு சொல்லோடு ஒட்டி அதைப் பற்றி மேலும் சொல்கிற சொற்றொடர்கள் பற்றிய அத்தியாயம். அக்கா அதை "பிரேஸ்" என்று சொல்வாள். ஒட்டும் மண்ணெண்ணெயும் சேர்ந்த ஒரு மணம் அந்தத் தாள்களில் இருந்தது.

அக்காவுக்கு ஓ எல் சோதனையில் இங்கிலிஷ் மட்டும் பிழைத்துவிட்டது. திரும்ப எடுக்க வேண்டும். ஒரேயொரு அத்தியாயத்தை வைத்து எப்படிப் படிப்பது என்று அப்பாவை ஆக்கினைப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

அப்பா ஆடு வளர்த்து விற்கிறவர். நான் பிறக்க முதலே, இறங்குதுறையில் வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் கை அகப்பட்டு, இடக்கையில் சின்ன விரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஊரில் அவருடைய பெயரைச் சொன்னால் ஆர் என்று கேட்பார்கள். "மூண்டு விரலார்" என்று சொன்னால் வழியில் போகிற ஆடும் திரும்பிப் பார்க்கும் என்று அம்மா பகிடி விடுவார். அந்த மூன்று விரலால் அவர் போடுகிற முடிச்சு தனி மாதிரி இருக்கும். கயிற்றை ஒரு சுற்று கூடச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்குவார். என் கையைப் பிடித்தாலும் அப்படித்தான். இரண்டு விரலுக்குரிய பிடியையும் மற்ற மூன்றும் சேர்ந்து பிடிக்கும். கொஞ்சம் நோகும்.

அந்தச் சோளகத்தில் ஒரு நாள் அப்பா ஆடுகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போனார். அங்கிருந்து யாழ்ப்பாணம். கடல் சரியில்லை, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போங்கோ என்று அம்மா சொன்னார். பெட்டைக்குச் சோதனை கிட்டுது, புத்தகம் வாங்கவேணும் என்று அப்பா சொன்னார். நீலக் கட்டம் போட்ட சாரம், வெள்ளைச் சேட்டு. வள்ளத்தில் பின்பக்கமாக, ஆடுகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். அப்படியே போய்விட்டார்.

ஆடுகளை விற்றது வரைக்கும் தெரியும். புத்தகக்கடைக்குப் போனாரா என்று தெரியாது. திரும்பி வருகிற வழியில் பஸ்ஸிலிருந்து சிலரை இறக்கி வைத்திருந்தார்கள், அதில் அவரைப் போல ஒருவர் நின்றார் என்று ஒரு கிழவர் சொன்னார். ஆர் இறக்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்றால் அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வீட்டில் எது எப்படி நடந்தது என்று எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. கல்வேலிக்கு மேலால் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுக்குள் போட்டது. கிணற்றுத் தண்ணீர் வழமையை விட உவராக இருந்தது. தேத்தண்ணி கண்ணீர் மாதிரி இருக்கு என்று நான் சொல்ல, அக்கா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். மிச்ச ஆடுகளின் கழுத்தில் அப்பா போட்ட முடிச்சுகள் இருந்தன. அவற்றை அவிழ்க்க அம்மா விடவில்லை. கழுத்து இறுகி ஒரு மறியாடு இருமத் தொடங்கிய பிறகும் விடவில்லை.

அப்போதுதான் எங்களுக்குப் பக்கத்து வளவில் இருந்த வள்ளக்கார அண்ணை ஒரு செய்தி கொண்டுவந்தார். ஊர்காவற்றுறைக்கு வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார்கள், காணாமல் போனவர்களின் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், அவர்கள் கேட்டால் பிடித்து வைத்திருக்கிற இடத்துக்குள்ளே விட்டு ஆட்களைக் காட்டத்தான் வேணுமாம். அம்மா அன்றைக்கே வெளிக்கிட்டிருப்பார். அண்ணைதான் மறித்தார். கூட இருந்து மொழிபெயர்க்கிற தமிழ் ஆட்கள் எல்லாவற்றையும் சுருக்கிப்போடுவார்கள் என்றார். எழுவைதீவு மனிசி ஒன்று அரை மணித்தியாலம் அழுது சொன்னதை, அங்கே இருந்தவர் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டாராம்.

"நேர இங்கிலிஷில சொன்னால் ஒண்டும் குறையாது" என்று அவர் சொன்னார். "உங்கட வீட்டில புத்தகம் இருக்குத்தானே?"

அப்படித்தான் அந்த வசனம் தொடங்கியது. எங்களிடம் அப்பாவின் படம் என்று இருந்தது கலியாணப் படம் ஒன்றுதான். அதில் மாலைக்குள் மெலிந்த ஒரு பெடியன் முழித்துக்கொண்டு நிற்கிறான். அதைக் காட்டி ஒருவரைத் தேட முடியாது. சொல்லால்தான் காட்ட வேண்டும்.

வசனத்தைக் கட்டியது அக்கா. சொல்ல வேண்டியவள் நான். அக்காவுக்கு அப்போது பதினேழு. வழியில் எத்தனை இடத்தில் இறக்கிப் பார்ப்பார்களோ, அவளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீடுகளிலும் அக்காமார் இருந்தார்கள்.

பின்னேரங்களில் குசினி வாசலில் இருந்து அக்கா எனக்குச் சொல்லித் தந்தாள். முதலில் ஆடுகளை வைத்துப் பழக்கினாள். கொம்பு உடைஞ்ச ஆடு, வேலியைத் தின்னுற ஆடு, அம்மாட்டை அடி வாங்கின ஆடு, இதெல்லாம் இங்கிலிஷில் எப்படி என்று. பிறகு அப்பா.

"எந்த அப்பா எண்டு கேள். அதுக்கு வாற மறுமொழி அப்பாவோட ஒட்டுறது. எப்ப, எங்க, எப்பிடிப் போனவர் எண்டு கேட்டால் வாறது போனதோட ஒட்டுறது. ரெண்டையும் குழப்பாதை."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார். "ரெண்டும் அவரைப் பற்றினதுதானே? பிறகென்ன வித்தியாசம்?"

"போனதோட ஒட்டுறதைக் கழட்டினாலும் ஆள் ஆளாத்தான் இருப்பார் அம்மா."

"ஒண்டையும் கழட்டாதை" என்றார் அம்மா.

நான் அதை விளங்கிக்கொண்ட விதம் வேறு. தமிழில் ஒருவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் ஆள் கடைசியில்தான் வருவார். உயரமான, தலை நரைத்த, நீலச் சாரம் கட்டிய, வள்ளத்தின் பின்பக்கம் குந்தியிருந்த என்று எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் அப்பா. அதுவரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இங்கிலிஷில் "மை ஃபாதர்" என்றதும் அவர் வந்து நின்றுவிடுவார். மற்றதெல்லாம் அவருக்குப் பின்னால் ஆடுகள் மாதிரி வரிசையாக வரும். எனக்கு அது பிடித்தது. சொல்லத் தொடங்கினாலே அவர் வந்துவிடுகிறாரே.

அக்கா எல்லா வகையையும் போட்டாள். எப்படிப்பட்டவர், என்ன உடுத்திருந்தார், எங்கே பிறந்தவர், எந்த வள்ளத்தில், எந்தப் பக்கமாக இருந்து போனவர். "ஏன் போனவர் எண்டதுக்கும் ஒரு பிரேஸ் இருக்குத்தானே அக்கா?" என்று கேட்டேன். அவள் புத்தகத்தை மூடினாள். அடுத்த நாள், தன்னுடைய மகளுக்குப் புத்தகம் வாங்க என்பதையும் வசனத்தின் கடைசியில் சேர்த்தாள். அந்த இடத்தை மட்டும் அவள் எனக்குச் சத்தமாகச் சொல்லித் தரவில்லை. எழுதிக் காட்டினாள்.

வசனத்தில் அப்பாவுக்கு அடுத்ததாக முதலில் நின்றது விரல்தான். இடக்கையில் மூன்று விரல் உள்ள என் அப்பா. அதைச் சொல்லும்போது எனக்குக் கை நோகிற மாதிரி இருக்கும்.

போவதற்கு முதல் நாள் பின்னேரம் வள்ளக்கார அண்ணை வந்து, எங்கே சொல்லு பாப்பம் என்றார். சொன்னேன். "நீ சொல்லுறதைப் பாத்தால் அங்க வந்திருக்கிற வெள்ளைக்காரி உன்னையே தனக்கு இங்கிலிஷ் படிப்பிக்கச் சொல்லுவாள்" என்று சிரித்தார். பிறகு அக்காவிடம் அதன் கருத்தைக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு நின்றது.

"விரலையும் சொல்லப் போறியளோ?"

அம்மா ஏன் என்று கேட்டார்.

"இப்ப பிடிக்கிறவங்கள் முகத்தையே பாக்கிறாங்கள்? கையைக் காலைத்தானே பாக்கிறாங்கள். ரெண்டு விரல் இல்லையெண்டால் வெடி வைக்கப் போய்ப் போனது எண்டுதான் எழுதுவாங்கள். வள்ளத்தில நெரிஞ்சது எண்டு ஆர் நம்புவான்?"

அது வெறும் கதை என்று சொல்ல முடியாது. உடம்பில் தழும்பு இருந்தால் கரைச்சல் வந்த காலம் அது. விளையாடிவிட்டு முழங்கால் உரசிக்கொண்டு வந்தால் அம்மாமார் மருந்து போட முதல் அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தழும்பு விழுந்துவிடும் என்ற பயம். அடுப்பில் சுட்ட வடுவுக்காகத் தடுத்து வைக்கப்பட்ட ஒருவரை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம்.

அக்கா விடவில்லை. "அம்மா, விரலை எடுத்தால் அது அப்பா இல்லை. உயரமா, நரைச்சு, சாரத்தோட எத்தினை பேர் இருப்பினம்?"

காற்று கூரை ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா மெல்லச் சொன்னார். "சும்மா பிடிச்ச ஆள் எண்டால் விட்டுவிடுவாங்கள் பிள்ளை. நாங்களே போய் விரல் இல்லாதவர் எண்டு காட்டிக் குடுத்து, அவரை வேற ஆளாக்கிறதோ? அதைக் கழட்டு."

ஒன்றையும் கழட்டாதே என்று சொன்ன அம்மா கழட்டச் சொன்னது அதை ஒன்றைத்தான். இப்போது எனக்கு அம்மாவின் அந்த வயது தாண்டிவிட்டது. யோசித்தால் ஒன்று விளங்குகிறது. அப்பாவைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அவருடைய கையைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? ஆருக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள் மறைத்தோமோ அவர்களுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும். தெரியாமல் போனது தேடப் போகிறவர்களுக்கு மட்டும்தான். வளர்ந்தவர்கள் இரண்டு பேர் குசினி வாசலில் இருந்து யோசித்தும் இது தோன்றவில்லை. பயம் அப்படி இருந்தது.

அடுத்த நாள் கடலில் வள்ளம் தூக்கித் தூக்கிக் குத்தியது. டீசல் மணத்தில் நான் சத்தி எடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு, திரும்பச் சொல்லு என்றார் அம்மா. குறிகட்டுவானிலிருந்து பஸ். இறங்கச் சொன்ன இடங்களில் இறங்கிக் கையை நீட்டிக் காட்டினோம். ஏறியதும் திரும்பச் சொல்லு. வேலணையில் பனைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். விரல் இருந்த இடத்தில் வசனம் எனக்கு ஒவ்வொரு முறையும் தடக்கியது. படியில் ஒரு கல் இல்லாதது போல.

ஊர்காவற்றுறையில் ஒரு மண்டபம். வெளியே பெண்கள். எல்லோரிடமும் படம் இருந்தது. ஈரச் சேலை மணமும் தலைக்கு வைத்த எண்ணெய் மணமும் நிறைந்திருந்தன. எங்கள் முறை வர மத்தியானம் திரும்பிவிட்டது. மேசைக்குப் பின்னால் வெய்யிலில் முகம் சிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், பக்கத்தில் கண்ணாடி போட்ட தமிழ்ப் பெடியனும் இருந்தார்கள். அம்மா என்னை முன்னால் தள்ளினார்.

நான் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் முழுக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அந்நிய மனிதர் முன் பேசியது அதுதான்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஏதோ சொன்னார். "மகள் வடிவா இங்கிலிஷ் கதைக்கிறாவாம். ஆர் படிப்பிச்சது எண்டு கேக்கிறா" என்றார் பெடியன். அம்மாவின் முகம் மலர்ந்தது. அதோடு அப்பா வந்துவிடுவார் என்றே அவர் நினைத்தார். நானும் நினைத்தேன்.

பிறகு அந்தப் பெண் ஒன்று கேட்டார். பெடியன் அம்மாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"உடம்பில ஏதாவது அடையாளம் இருக்கோ அம்மா? தழும்பு, காயம், உறுப்பில குறை?"

"இல்லை."

பெடியன் பேனாவை வைத்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். அந்த "இல்லை" எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரலைக் குறைத்துக்கொண்டு, "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. இருந்தால் தேட லேசு" என்றார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார். "முழு ஆள்."

திரும்பி வரும்போது அம்மா எனக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். பஸ்ஸில் நான் அதைச் சாப்பிட, நல்லாச் சொன்னாய், நல்லாச் சொன்னாய் என்று என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். ஐஸ்பழத்தின் சிவப்பு நிறம் சட்டையில் ஊறி, தோய்த்தும் போகவில்லை.

அந்தச் சோளகம் முடிந்து, மாரி வந்து போன பிறகு, தடுத்து வைக்கப்பட்டிருந்து விடுபட்ட ஒருவர் எங்கள் தீவுக்கு வந்தார். வேலணைக்காரர். அவர் பெண் எடுத்த வீடு இங்கேதான். நாங்கள் போய் அவரைப் பார்த்தோம். அவர் தெளிவாகப் பேசவில்லை. இருந்த இடம் எது என்றுகூட அவருக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய், கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டார்களாம். அம்மா அப்பாவின் உயரத்தைச் சொன்னார், நரையைச் சொன்னார், சாரத்தைச் சொன்னார்.

"அங்க எல்லாருக்கும் மொட்டை" என்றார் அவர். "எல்லாருக்கும் ஒரே உடுப்பு. குந்தி இருக்கேக்க ஆர் உயரம், ஆர் கட்டை?"

பெயரைச் சொன்னார் அம்மா. அங்கே பயத்தில் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். வெளிநாட்டுக்காரர் ஒரு நாள் வந்து பெயர் கூப்பிட்டபோது பலர் வாய் திறக்கவில்லையாம். நாங்கள் எழும்பினோம். வாசல்வரைக்கும் வந்துவிட்டோம். அக்காதான் நின்று திரும்பி, இடக்கையில் விரல் இல்லாத ஒருவர் இருந்தாரா என்று கேட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். "தண்ணி வாளிக்குக் கயிறு கட்டுற ஆள். பல்லால இழுத்து இறுக்குவார்" என்றார். "அவரை எனக்குத் தெரியும். ஆட்டுக்காரர் எண்டு கூப்பிடுவம். அந்த வெளிநாட்டுக்காரர் கையைப் பாத்திருந்தால் ஒரு நிமிசத்தில கண்டுபிடிச்சிருப்பினம். பிறகு ஒரு நாள் சிலரை வேற இடத்துக்கு ஏத்தினவங்கள். அதில அவரும் போனவர்."

அம்மா அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, வீட்டுக்கு வராமல், நேரே இறங்குதுறைக்கு நடந்தார். அன்றைக்கு வள்ளம் இல்லாததால் அடுத்த நாள் ஊர்காவற்றுறைக்குப் போனோம். மண்டபம் பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது, திரும்ப வருவார்கள் என்றார்கள். அம்மா பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விட்டுப்போச்சுது தம்பி, ஒண்டு சொல்ல விட்டுப்போச்சுது" என்று அந்த வழியால் போன எல்லோருக்கும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வசனத்தைத் திருப்பி எழுதினாள். மொட்டை அடித்தால் போகிறது எல்லாம் போகட்டும் என்று நரையை எடுத்தாள், சாரத்தை எடுத்தாள், வள்ளத்தை எடுத்தாள். புத்தகம் வாங்கப் போனதையும் எடுத்தாள். மை ஃபாதர், வித் த்ரீ ஃபிங்கர்ஸ் ஆன் ஹிஸ் லெஃப்ட் ஹாண்ட். அவ்வளவுதான் மிச்சம். அவர்கள் எப்போது வந்தாலும் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அம்மா என்னை இறங்குதுறைக்கு அனுப்புவார். நீங்கள் கேட்டது அந்த வசனத்தைத்தான். வள்ளத்தால் ஆர் இறங்கினாலும் சொன்னேன். மீன் வாங்க வந்தவருக்கும் சொன்னேன், சேர்ச்சுப் பாதருக்கும் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இறங்கவில்லை.

அக்கா அடுத்த முறை இங்கிலிஷ் பாஸ் பண்ணினாள். இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளோடு இங்கிலிஷில்தான் பேசுகிறாளாம். அந்தப் புத்தகம் என்னவானது என்று ஒருமுறை போனில் கேட்டேன். அடுப்புக்குள் வைத்தது தான்தான் என்றாள். வேறு கதைக்கு மாறிவிட்டாள். நான் ஓ எல்லோடு நின்றுவிட்டேன். அம்மாவோடு இருக்கிறேன்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். போன மாதமும் ஒரு பிள்ளை கையில் டப்லெட் கம்பியூட்டர் வைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தது. நல்ல பிள்ளை, அம்மாவைத் தொட்டுத் தொட்டுப் பேசியது. அம்மாவுக்குச் சுகமில்லாமல் போன பிறகு பேச்சு வருவதில்லை. அப்பாவின் உயரம் கேட்டது, நிறம் கேட்டது, கடைசியாக என்ன உடுத்திருந்தார் என்று கேட்டது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பதில் சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளை, "உடம்பில ஏதும் அடையாளம் இருந்ததோ?" என்று கேட்டது.

நான் வாயைத் திறக்க முதல் அம்மாவின் இடக்கை எழும்பியது. சின்ன விரலையும் மோதிர விரலையும் உள்ளே மடக்கி, மற்ற மூன்றையும் விரித்து, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தார். பிள்ளை எழுதி முடித்து, தேத்தண்ணி குடித்து, பஸ்ஸுக்குப் போன பிறகும் கையை இறக்கவில்லை. பொழுதுபட, சாப்பாடு கொடுப்பதற்காக, அந்த இரண்டு விரலையும் நான்தான் மெல்ல மெல்ல விரித்துவிட்டேன். கையை விட்டதும் அவை திரும்பவும் மடங்கிக்கொண்டன.